சதுப்பு வேறு, ஈரநிலம் வேறு

‘செயற்கைச் சதுப்பு நிலம் மூலம் கழிவுநீர் சுத்திகரிப்பு’ என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால் சேறே இருக்காது. ஜல்லி நிரப்பிய தொட்டியில் நாணல் நிற்கும், அவ்வளவுதான். ‘வெட்லேண்ட்’ என்று கண்டதும் ‘சதுப்பு நிலம்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. எழுத வேண்டியது ‘ஈரநிலம்’.

சதுப்பு என்றால் கால் புதையும் சேற்றுத்தரை. ‘சதசத’ என்கிற ஒலிக்குறிப்புக்கு உறவான சொல்லாகத்தான் தோன்றுகிறது. ஈரம், ‘ஈர்’ என்ற பழைய அடியில் பிறந்தது; தரையில் இருந்தால் நனைவு, நெஞ்சில் இருந்தால் அன்பு. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி இயற்கையோ செயற்கையோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நன்னீரோ உவர்நீரோ, நீருள்ள இடமெல்லாம் ஈரநிலமே. ஓதம் இறங்கிய நேரத்தில் 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடற்பகுதியும் அதில் சேரும். தமிழ்நாட்டில் 2022இல் அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் ஏறியவற்றில் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் வேடந்தாங்கலும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்புதான், மறுக்கவில்லை. அங்குள்ளவர்கள் அதைக் ‘கழுவெளி’ என்பார்கள், அது இன்னும் நல்ல சொல். பிச்சாவரம் அலையாத்திக்காடு. வேடந்தாங்கல் ஏரி. ஏரியைச் சதுப்பு என்று எந்த விவசாயி ஒப்புவார்? போதாக்குறைக்கு அலையாத்திக்காட்டையும் ‘சதுப்புநிலக் காடு’ என்றே எழுதுகிறார்கள். ஒரே சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

‘ஈரநிலம் என்றால் மழையில் நனைந்த தரை போல ஒலிக்கிறதே’ என்பது எதிர்வாதம். ஒலிக்கட்டும். ஆறு மாதம் நீர் நிற்க, ஆறு மாதம் வெடித்துக் கிடக்கும் ஏரித்தரைக்கும் இடம் கொடுப்பது அந்தச் சொல்தான்.

சுத்திகரிப்பில் இந்தக் குழப்பம் வேலையையே கெடுக்கும். கழிவுநீர் முதலில் தெளிவுத்தொட்டியில் தங்கிக் கசடு அடியில் படிய வேண்டும். அதன்பிறகே சுமார் 60 செ.மீ. ஆழமுள்ள ஜல்லிப்படுகைக்குள் நுழைய வேண்டும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே நிற்கும். அதனால் நாற்றமும் கொசுவும் குறைவு. ‘சதுப்பு’ என்று படித்துவிட்டு யாராவது களிமண்ணையோ வண்டலையோ கொட்டினால் இடுக்குகள் அடைபட்டு நீர் மேலே வழியும். தெளிவுத்தொட்டியைத் தவிர்த்தாலும் அதே கதி. நீர் நுழையும் பக்கம்தான் முதலில் அடைக்கும். நாணல் அழுக்கை உறிஞ்சிவிடுகிறது என்று எழுதுவதும் அரைகுறை. பெரும்பங்கு வேலை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டிய நுண்ணுயிர்களுடையது. அமோனியா நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும். நீர் படுக்கைவாட்டில் ஓடும் படுகைக்குள் அது குறைவு, ஆகவே அமோனியா அவ்வளவாகக் குறையாது. பாஸ்பரஸ் ஜல்லியில் ஒட்டும், ஜல்லி நிறைந்துவிட்டால் ஒட்டாது.

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது. அங்கே நகரக் கழிவுநீர் ஆழமில்லாத மீன்குளங்களில் வெயில் காய்கிறது. பாசியும் பாக்டீரியாவும் அதைத் தெளியவைக்க, பாசியை மீன் தின்கிறது. அதையும் ‘சதுப்பு நிலம்’ என்றால் மீன் வளர்ப்பவர் சிரிப்பார்.

‘கன்ஸ்ட்ரக்டட் வெட்லேண்ட்’ என்பதற்குக் ‘கட்டுமான ஈரநிலம்’ என்றும் ஒன்று கிளம்பியிருக்கிறது. படித்தால் அடுக்குமாடி எழும்பப்போகும் மனைதான் நினைவுக்கு வருகிறது. ‘செயற்கை ஈரநிலம்’ போதும். படுகையை மட்டும் சொல்ல ‘ஈரநிலப் படுகை’ எனலாம். இன்னொன்று: பழைய வருவாய் ஆவணங்களில் ‘வெட் லேண்ட்’ என்று பிரித்து எழுதியிருந்தால் அது நஞ்சை. அதை ஈரநிலம் என்று பெயர்த்தால் நெல்வயலுக்கு ஈரநிலப் பாதுகாப்பு விதி பேச வேண்டிவரும்.