சாப்பாட்டுப் பார்சலும் டெங்கு நுளம்பும்

டெங்குப் பரிசோதனைக்கு ஒரு வீட்டுக்குள் போனால் எல்லோரும் முதலில் காட்டுவது தண்ணீர்த் தாங்கியையும் பூச்சாடியையும்தான். அவை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் நேரே போவது மதிலுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் ஒடுங்கிய இடத்துக்கு, அப்புறம் கூரைப் பீலிக்கு. யோகட் கப், சாம்பார் கட்டிக்கொடுத்த பை, சோறு சுற்றித் தந்து மடிந்து கிடக்கும் பொலித்தீன் லஞ்ச் ஷீட் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

யோகட் கப்பில் இரண்டு கரண்டி மழைத்தண்ணீர் தேங்கினாலே போதும். டோர்ச் அடித்தால் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடுவது தெரியும், ஒரு கிழமை பத்து நாளில் அவையே நுளம்பாகப் பறக்கும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் சரி என்று நினைக்கிறார்கள், ஆனால் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச்சுவரில் ஒட்டிவைக்கிறது, அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

அதே ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்தக் குப்பை அங்கே வாழ்ந்த சனம் போட்டது மட்டுமல்ல, கொழும்பு முழுக்க நாம் சாப்பிட்டுவிட்டு எறிந்தது. வேண்டாம் என்று அவர்கள் எத்தனையோ வருடமாகக் கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்பப் போனபோது அங்குள்ள மக்களும் வீதிக்கு இறங்கினார்கள். நம் மத்தியானச் சோற்றின் மிச்சத்தை இன்னொருவர் ஏன் தன் வாசலில் வைத்திருக்க வேண்டும்?

2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டிக்கும் தடை வந்தது. உடனே உக்கும் என்று அச்சடித்த ஷீட் கடைகளுக்கு வந்துவிட்டது, நாமும் நிம்மதியாக வாங்கத் தொடங்கினோம். உக்கிப்போகும் வரைக்கும் அதன் மடிப்பிலும் தண்ணீர் தேங்கத்தான் செய்யும், நுளம்பு லேபல் பார்த்து முட்டை இடுவதில்லை. கொல்லையில் போட்டுக் கொளுத்துவது இன்னும் மோசம், அந்த நச்சுப்புகை முதலில் போவது உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்குள்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சைவக்கடைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியையும் சாம்பாருக்கு ஒரு மூடிச் சட்டியையும் கொண்டுபோங்கள். பலருக்கு அது வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டால் கடைக்காரர் மறுக்கமாட்டார், பையும் ஷீட்டும் அவருக்கும் செலவுதானே. பார்சல்தான் வாங்கவேண்டி வந்தால் அந்த ஷீட்டையும் பையையும் கழுவிக் காயவைத்து, உக்காத குப்பையோடு வேறாகக் கட்டி, மாநகரசபை லொறி வரும் காலையில் மட்டும் வெளியே வையுங்கள். முதல்நாள் இரவே வைத்தால் நாய் கிழித்துவிடும், ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் கானுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.