இரண்டு மில்லிமீட்டர் விசுவாசம்

நிக்கானா, கேனானா என்று ஒரு கேமரா பிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கலரைச் சொல்வார், கைக்குள் அடங்கும் விதத்தைச் சொல்வார், எதிர்க்கட்சிக் கேமராவை பிளாஸ்டிக் டப்பா என்பார். லட்சக்கணக்கில் செலவழித்தவர் என்றால் குரல் இன்னும் உயரும். இந்தக் கட்சிப்பற்றின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், கேமராவின் உடலான பாடியும் லென்ஸும் பூட்டிக்கொள்கிற உலோக வளையத்தில், அதாவது மவுண்டில் போய் முட்டும்.

தொலைவில் இருக்கும் காட்சியை லென்ஸ் தனக்குப் பின்னால் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் கூர்மையாக விழவைக்கும். ஃபிலிமோ சென்சாரோ சரியாக அங்கே இருந்தாக வேண்டும். அதனால் மவுண்டிலிருந்து சென்சார் வரை இவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு கம்பெனியும் முடிவு செய்துகொண்டு, எல்லா லென்ஸையும் அந்தக் கணக்குக்கே செய்கிறது. 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. கேனானின் பழைய எஃப்டி மவுண்டில் 42 மி.மீ. 1987இல் கேனான் எஃப்டியைக் கைவிட்டு இஎஃப் என்ற புது மவுண்டுக்கு மாறியது; அதில் 44 மி.மீ.

வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒரு 50 மி.மீ. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 2 மி.மீ. முன்னால் தள்ளி நின்றால், சுமார் 1.3 மீட்டருக்கு அப்பால் எதுவும் போக்கஸ் ஆகாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் கிடைக்கும், அவருக்குப் பின்னால் இருக்கும் மலை கிடைக்காது. ஆக, பழைய எஃப்டி லென்ஸ்களைப் புதுக் கேமராவில் மாட்ட வெறும் வளையம் போதாது, நடுவில் லென்ஸ் கண்ணாடி வைத்த மாற்றி (அடாப்டர்) வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நிக்கான் லென்ஸுக்கு 2.5 மி.மீ. இடம் மிச்சம் இருந்ததால் ஒரு சாதாரண வளையத்தோடு அது புதுக் கேனானில் உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் காசு போட்டு எஃப்டி லென்ஸ் சேர்த்த சொந்த வாடிக்கையாளரைவிட எதிர்க்கட்சிக்காரருக்கு வழி சுலபம்! எஃப்டிக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

கேனானுக்கும் காரணம் இருந்தது. புது மவுண்டின் வாய் 54 மி.மீ. அகலம். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே நெம்புகோல் எதுவும் கிடையாது, எல்லாம் மின்தொடர்புதான். போக்கஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. நிக்கான் பழைய வளையத்தை விடாமல், மோட்டாரைப் பாடிக்குள் வைத்து ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்றியது. தூரத்துக் காட்சியைக் கிட்டத்தில் காட்டும் பெரிய டெலி லென்ஸ்களில் வேகம் கேனானுக்குக் கைகொடுத்தது. மைதான ஓரங்களில் அதன் வெள்ளை லென்ஸ்கள் பெருகின.

சரி, ஒருமுறை வாங்கியவர் ஏன் எளிதில் மாறுவதில்லை? பாடி சில வருடங்களில் பழசாகிவிடும், லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். 2018இல் வந்த கேனானின் 600 மி.மீ. எஃப்4 லென்ஸ் அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000 டாலர். கட்சி மாறினால் அதை விற்றாக வேண்டும். போதாததற்கு, நிக்கான் லென்ஸைப் பூட்டுகிற திசையும் கேனானைப் பூட்டுகிற திசையும் நேரெதிர். கைப்பழக்கத்தையும் மாற்ற வேண்டும்.

பணம் கட்டிப்போடுகிறது, புரிகிறது. கோபம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பொருந்தும். வீட்டு உபயோகப் பொருட்களுக்குப் பெண்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார். அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு மறுபடியும் மதிப்பெண். எடுத்துக்கொண்டதற்கு மதிப்பு ஏறியது, விட்டுவிட்டதற்கு இறங்கியது. அதுவும் இரண்டும் முதலில் கிட்டத்தட்ட சமமாக இருந்தபோதுதான் இந்த இடைவெளி அதிகமாக விரிந்தது. இந்தச் சோதனை முறையில் ஒரு புள்ளியியல் ஓட்டை இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அதைச் சரிசெய்து நடத்திய சோதனைகளிலும் இந்தப் போக்கு தென்பட்டிருக்கிறது.

கேமராக்கள் சமமாக இருப்பதுதான் இங்கே விஷயம். 36×24 மி.மீ. சென்சார் (ஃபுல் ஃபிரேம் என்பார்கள்) உள்ள இரு கேமராக்களில் ஒரே அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் உள்ளே விழும் ஒளி ஒன்றுதான். மங்கலான வெளிச்சத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலில் பெரும்பங்கு ஒளியின் குணம்: சராசரியாக 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுமிடத்தில் சுமார் 10 கூடும் அல்லது குறையும். அதை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. இதில் இன்னொரு கூத்து: 2012இல் வந்த நிக்கான் டி800க்குள் இருந்த சென்சார் போட்டிக் கம்பெனியான சோனி செய்தது. சோனியைத் திட்டிய நிக்கான்காரர் எதை வைத்துப் படமெடுத்தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேனான் கலர் என்று கொண்டாடப்படுவதும் பெரும்பாலும் ஜேபெக் படத்துக்குக் கம்பெனி எழுதிவைத்த சமையல் குறிப்புதான். சென்சார் தரும் சமைக்காத தரவான ராவில் (RAW) எடுத்துக் கணினியில் திறந்தால் சமையல் நம் கைக்கு வந்துவிடும்.

லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே நின்ற முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவிட்ட மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின், மவுண்டிலிருந்து சென்சார் வரையான அந்தத் தூரம் சுருங்கிவிட்டது: சோனி இ மவுண்டில் 18 மி.மீ., 2018இல் வந்த நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பழைய லென்ஸுக்கு இப்போது இடம் தாராளம்; கேனான் இஎஃப் லென்ஸை சோனியில் மாட்டி ஆட்டோ போக்கஸும் வாங்கலாம். ஆனால் பூட்டு மின்தொடர்புக்கு இடம் மாறிவிட்டது. லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளும் மொழியை ஆர்எஃப்பில் கேனான் இறுக்கிப் பிடித்திருந்தது. 2024 ஏப்ரலில்தான் வெளி லென்ஸ் கம்பெனிகளான சிக்மா, டாம்ரான் இரண்டும் அனுமதியோடு ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன. அவையும் சின்ன சென்சார் கேமராக்களுக்கானவை. ஃபுல் ஃபிரேம் வாங்கியவர்களுக்கு அந்த அறிவிப்பில் ஒன்றும் இல்லை.