பெல்ட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், ஐயா

இந்தக் கார்த்திகைக்கு முன்பு இப்படி எண்ணெய் விட்டு என்னிடம் வந்த பானைச் சக்கரங்களில் இது நான்காவது. கல்லல் பக்கத்திலிருந்து மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர், எழுபதை நெருங்கும் வயது, மின்சக்கரத்தை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு காரைக்குடியில் என் கடைக்கு வந்து இறங்கினார்.

"தம்பி, மோட்டார் போயிருச்சு. வெறுஞ்சக்கரம் நல்லாச் சுத்துது. மண்ணை வச்சு அமுக்குனா நின்னுருது."

இங்கே வருவதற்கு முன்பே வேறொரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்ட, அதாவது உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்ற, மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்திருக்கிறார். அகல் விளக்கு ஆர்டர் பாதி பாக்கி நிற்கிறது.

மூடியைக் கழற்றினேன். தேங்காய் எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. பெல்ட் உப்பிப்போய், விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டியது. பெல்ட் ஓடும் உருளையான புல்லியின் பள்ளம் முழுக்க எண்ணெயில் குழைந்த செம்மண். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. காயில் கட்டுவதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"கிரீச் கிரீச்சுனு சத்தம் போட்டுச்சு. அதான் ரெண்டு சொட்டு விட்டேன்" என்றார்.

இதற்கு அவரைத் திட்ட முடியவில்லை. கோல் போட்டுச் சுழற்றும் பழைய சக்கரத்துக்கு அச்சில் எண்ணெய் விட்டே ஆகவேண்டும். மாட்டு வண்டிக்கு மசை போட்டார்கள், தையல் மெஷினுக்கு இன்றும் எண்ணெய் விடுகிறோம். கிரீச்சென்றால் எண்ணெய் என்பது நம் கைக்குப் பழகிப்போன மருந்து. மின்சக்கரத்தின் பெல்ட்டுக்கு மட்டும் அதுவே விஷம்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மோட்டாரில் ஒரு சின்னப் புல்லி, சக்கரத்தின் அச்சுத்தண்டான ஷாஃப்ட்டில் ஒரு பெரிய புல்லி. இரண்டையும் இணைப்பது அந்த ரப்பர் பெல்ட் மட்டும்தான். புல்லியை அது கவ்விப் பிடிப்பதால்தான் சக்கரம் சுற்றுகிறது. கவ்வவேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டால் வழுக்கும். சத்தம் நின்றுவிடும், உண்மைதான். கூடவே பிடிப்பும் போய்விடும். இரண்டு கிலோ மண்ணை நடுவில் வைத்து அமுக்கும்போது மோட்டார் சுற்றும், சக்கரம் நிற்கும். எண்ணெய் குடித்த ரப்பர் உப்பும், மிருதுவாகும். துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அதைவிட மோசம், களிமண்ணில் இருக்கிற நுண்ணிய மணல். அது எண்ணெயோடு சேர்ந்தால் லேத் பட்டறையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரிதான். புல்லியையே அரித்துவிடும்.

சரி, கிரீச்சென்றால் என்ன செய்வது? சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பெல்ட் ஈரமா? துடைத்துக் காயவிடுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போகலாம். தொளதொளவென்று போனால் மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்திச் சற்று நகர்த்தி முறுக்குங்கள். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிவிடாதீர்கள், மோட்டார் பேரிங் போய்விடும். அடியில் கறுப்பாக ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தால் இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். ஒரு நேரான கட்டையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மோட்டாரா பெல்ட்டா என்று தெரிந்துகொள்ளக் கடைக்கு வரவேண்டியதில்லை. மண் அமுக்கும்போது சக்கரம் நின்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் கோளாறு பெல்ட்டில், அல்லது புல்லியை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் சின்னத் திருகான அலன் ஸ்குரூ தளர்ந்திருக்கும். மோட்டாரும் சேர்ந்து நின்றால்தான் மோட்டாருக்குள் கரண்ட் கொண்டுபோகும் கார்பன் பிரஷ், வோல்டேஜ், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் என்று யோசிக்கவேண்டும். அடுத்து, பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றாலோ, விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது.

பேரிங் வாங்கும்போது அதன் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6205 என்றால் உள்துளை 25 மில்லிமீட்டர். ரப்பர் சீல் போட்டதாகக் கேளுங்கள். தகர மூடி போட்டது விலை குறைவுதான், சேற்றுத் தண்ணீரை அதனால் தடுக்க முடியாது. மாட்டும்போது ஷாஃப்ட் தலையில் சுத்தியலால் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. புதுப் பேரிங்கில் குண்டுகள் ஓடும் பாதை அப்போதே பள்ளம் விழுந்துவிடுகிறது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடொன்றை விடுதியாக்கி, வருகிறவர்களுக்குப் பானை வனையக் கற்றுக்கொடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சக்கரத்தைச் சாய்த்தால் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. தினமும் தரையோடு சேர்த்து ஹோஸ் பைப்பில் கழுவுகிறார்களாம்! ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், போதும். தட்டுக்கு அடியில் காய்ந்து ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுங்கள். பாதி 'மோட்டார் திணறுது' புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

வேளார் ஐயாவின் புல்லிகளைத் துடைத்து, புது பெல்ட் மாட்டி, நேர் பார்த்துக் கொடுத்தேன். கடை வாசலிலேயே மண்ணை வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். சக்கரம் நிற்கவில்லை. "அப்ப அந்த மூவாயிரம்?" என்று கேட்டார். என்ன சொல்வேன்.

ஆனால் ஒயரைச் சுருட்டும்போது அவரிடம் கோபப்பட்டுவிட்டேன். மூன்று பின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தார். எர்த் ஒயர் தனியாகத் தொங்குகிறது. நாள் முழுக்க ஈரக்கை, ஈரத்தரை, நடுவில் இரும்புச் சட்டம். உள்ளே ஒரு ஒயர் உரசினால் போதும். உங்களையெல்லாம் கும்பிட்டுக் கேட்கிறேன், எர்த்தை மட்டும் வெட்டாதீர்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள்.

புது பிளக் போட்டுத்தான் அனுப்பினேன். அதற்குக் காசு வாங்கவில்லை. பெரியவரைத் திட்டியதற்கு அது சரியாகப் போயிற்று.