கூம்புக்கு 60 வாட், வீட்டு ஹோலுக்கு எத்தனை?

சின்னமாமா கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஆடி மாதம் வந்தால் திருகோணமலையில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஏதாவது ஒரு கோயில் வீதியில், தென்னையில் சாத்திய ஏணியின் உச்சியில் அவரைப் பார்க்கலாம். அவரிடம் இருக்கும் அம்பிளிஃபயர் 60 வாட். அதில் ஒரு கூம்பைக் கட்டிவிட்டால் விடியற்காலை நாலரைக்குப் பக்கத்து ஊரும் எழும்பும். நான் வாங்கி வைத்திருந்த 5.1 ஹோம் தியேட்டர் செட்டின் பெட்டியிலோ 5000 வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவர் வந்திருந்தபோது ஒரு படத்தைப் போட்டேன். மேலே ஃபேன் சுற்றுகிறது, வெளியே கச்சான் காற்று கதவை அடிக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மருமோன், ஐயாயிரம் எண்டு போட்டிருக்கு. ஆக்கள் கதைக்கிறதே விளங்கேல்லையே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 60 வாட் ஊரை எழுப்புகிறது. 5000 வாட் ஒரு ஃபேனை மீற முடியாமல் நிற்கிறது. அன்றைக்கே இரண்டு பேருமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றினோம்.

உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். ஒரு மூலையில் கையடக்கமான ட்ரான்ஸ்ஃபோமர். அதில் 12-0-12, 3 ஆம்பியர் என்று ஒட்டியிருந்தது. ஒரு அலுமினியத் தகட்டில் ஐந்து கால்கள் கொண்ட கறுப்புச் சில்லுகள் ஐந்து வரிசையாக முறுக்கப்பட்டிருந்தன. எல்லாம் டிடிஏ2030. மலிவான செட்டுகளில் பல வருடங்களாகக் குடியிருக்கும் அம்பிளிஃபயர் சில்லு அது. நல்ல நிலையில் ஒன்று 14 வாட் அளவுக்குத் தரும். ஐந்துக்கும் சேர்த்து 70. ட்ரான்ஸ்ஃபோமரைக் கணக்குப் பார்த்தால் இரண்டு 12உம் சேர்ந்த 24 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்க 72. இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. சூடாக வீணாவதைக் கழித்தால் உண்மையில் இன்னும் குறையும்; தாராளமாக 70 என்றே வைத்துக்கொள்வோம். 72 வாட்டை வாங்கி 5000 வாட்டைத் திருப்பித் தரும் பெட்டி ஒன்று இருந்தால், சம்பூரில் அனல்மின் நிலையம் கட்டுவதா வேண்டாமா என்று அத்தனை வருடம் இழுபட்டிருக்கத் தேவையில்லை.

அந்த 5000க்குப் பின்னால் சின்ன எழுத்தில் பிஎம்பிஓ என்று இருக்கும்; கணப்பொழுது உச்ச வாட்டாம். அதை எப்படி அளப்பது என்று எந்தத் தர நிறுவனமும் வரையறுக்கவில்லை. ஆளுக்கொரு கணக்கு. இப்படிப்பட்ட எண்களின் தொல்லை தாங்காமல்தான் அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே, அம்பிளிஃபயரின் வாட்டை எப்படி அளந்து எழுத வேண்டும் என்று அரசு விதி போட்டது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் பாதி நம்பினால் போதும்; ஏன் என்று பிறகு வருகிறேன்.

சரி, பெட்டி பொய் சொன்னது. ஆனால் மாமாவின் 60 வாட்டும் என் 70 வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? அப்புறம் ஏன் இத்தனை வித்தியாசம்?

அதற்கு அம்பை, அதாவது அம்பிளிஃபயரை, விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதுதான் அது. வீட்டு ஸ்பீக்கர்களுக்கு 84 முதல் 91 வரை இருக்கும். 88 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்று, தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மற்றதெல்லாம் சுருளில் சூடாகப் போகிறது. காற்று அவ்வளவு லேசானது; ஒரு தட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் காற்று பிடி கொடுக்காமல் விலகிவிடும். கூம்பு அந்தப் பிடியைக் கொடுக்கிறது. ஒடுங்கிய வாயில் காற்றை நெருக்கி, மெல்ல மெல்ல அகட்டி வெளியே விடுகிறது. தோணியில் தூரப் போய்விட்டவரைக் கூப்பிட இரண்டு கையையும் வாய்க்குக் குவிக்கிறோமே, அதே வேலை. சத்தத்தை நாலாபக்கமும் சிதறவிடாமல் ஒரு பக்கமாகத் திருப்பியும் விடுகிறது. அதனால் கூம்பின் எண் 105ஐத் தாண்டும்.

105க்கும் 88க்கும் வித்தியாசம் 17தான். ஆனால் டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. 3 டெசிபெல் கூட்ட வாட் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு. 17 என்றால் ஐம்பது மடங்கு. மாமாவின் 60 வாட்டை என் ஹோல் ஸ்பீக்கரில் ஈடுகட்ட 3000 வாட் வேண்டும்.

அப்படியானால் ஹோலிலும் கூம்பையே வைத்துவிடலாமே என்று மாமா சொன்னார். வைத்துப் பார்த்தோம். 16 ஓம் யூனிட் ஒன்றை, ஆட்கள் கதைக்கிற ஒலி வரும் நடுச் சனலில் கொழுவினேன். வசனம் ஒவ்வொரு எழுத்தாக விளங்கியது. ஆனால் கதாநாயகன் கோயில் அறிவித்தல் வாசிப்பது போலிருந்தது. 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அதாவது தாழ்ந்த ஒலிகளில், அந்தக் கூம்பில் ஒன்றுமே இல்லை. இடி விழுந்தால் தகரம் தட்டுகிற சத்தம். தாழ்ந்த ஒலியைக் கூம்பால் எழுப்ப வேண்டுமென்றால் அதன் வாய் ஹோல் கதவளவுக்கு வேண்டும்.

ஆக, ஸ்பீக்கரைத் தெரிவு செய்யாமல் அம்பை வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற வேலை. கடைக்காரர்கள் எல்லோரும் வாட்டில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் சென்சிட்டிவிட்டியைக் கேளுங்கள்.

இப்போது நம் ஹோலுக்குக் கணக்குப் போடலாம். 88 டெசிபெல் ஸ்பீக்கர். கதிரை 3 மீட்டர் தள்ளி. திறந்த வெளியானால் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபெல் குறையும். வீட்டில் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதால் 6 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 வாட்டுக்குக் கதிரையில் 82 டெசிபெல். படத்தில் ஆட்கள் கதைக்கும் சத்தம் 70 அளவில் இருந்தால் காதுக்கு இதம். அதற்கு வேண்டியது 0.06 வாட். ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்கு! படத்தின் பெரும் பகுதியில் அம்ப் சும்மாதான் இருக்கிறது.

வெடி வெடிக்கும் அந்த அரைச் செக்கனில்தான் அதற்கு வேலை. திரையரங்கு அளவீட்டில் ஒவ்வொரு சனலின் உச்சமும் 105 டெசிபெல், தாழ்ந்த ஒலிக்கான தனிச் சனலுக்கு 115. எங்கள் கதிரையில் 105 வர வேண்டுமானால் 23 டெசிபெல் கூட்ட வேண்டும். அது 200 வாட். 95 போதும் என்றால் 20 வாட். இரண்டுக்கும் இடையில் இருப்பது பத்து மடங்கு வாட். சீமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள நம் வீடுகளில் 105ஐக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அன்ரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 95க்கும் 98க்கும் இடையில் குறி வைத்தேன். அதற்கு 40 வாட் உண்மையானதாக இருந்தால் போதும்; 80 இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். ஸ்பீக்கர் 85 டெசிபெல் என்றால் இந்த எண்களை இரண்டால் பெருக்குங்கள், 91 என்றால் பாதியாக்குங்கள்.

'உண்மையான வாட்' என்றால் என்ன? அம்பிளிஃபயர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். அது சிறிய சிக்னலை ஊதிப் பெருக்குவதில்லை. கந்தளாய்க் குளத்து மதகை ஒரு ஆள் கையால் திருகுகிறார். வயலுக்குப் பாய்கிற தண்ணீர் அவருடைய பலம் அல்ல, குளத்தின் பலம். அம்பிலும் குளம் என்பது ட்ரான்ஸ்ஃபோமரும் பெரிய கப்பாசிட்டர்களும். மதகு என்பது ட்ரான்சிஸ்டர். டிஸ்க்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் மதகைத் திருகுகிற கை மட்டும்தான்.

குளத்தில் எவ்வளவு மட்டம் இருக்கிறதோ அதற்கு மேல் தண்ணீர் எழும்பாது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அலையின் தலை அந்த மட்டத்தில் முட்டித் தட்டையாகும். இதுதான் கிளிப்பிங். தட்டையான தலையில், பாட்டில் இல்லாத உயர்ந்த ஒலிகள் பிறக்கின்றன. பேஸ் என்ற தாழ்ந்த ஒலி முட்டி நின்றுவிட, கீச்சு ஒலிகள் மட்டும் மேலும் மேலும் ஏறுகின்றன. இதெல்லாம் போய்ச் சேரும் இடம் ட்வீட்டர், கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர். அதன் சுருள் தலைமயிர் மாதிரி, சில வாட்டுக்கு மேல் தாங்காது. சின்ன அம்பை முறுக்கிப் போட்டுக் கருகிய ட்வீட்டர்களைத் திருத்துகிற கடைகளில் நிறையக் காணலாம். பெரிய அம்பில் நிதானமாகக் கேட்டவரின் ஸ்பீக்கர் அங்கே அவ்வளவாக வருவதில்லை.

அடுத்தது ஓம், மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. ஒரு அம்ப் 20 வோல்ட்டைத் தருகிறது என்போம். 8 ஓம் ஸ்பீக்கர் அதிலிருந்து 2.5 ஆம்பியரை இழுத்து 50 வாட் எடுக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியரை இழுக்கும்; 100 வாட். வாட் கூடியதே என்று சந்தோஷப்பட முன், அந்த 5 ஆம்பியரைக் குளம் தருமா என்று பாருங்கள். பலவீனமான அம்பில் வோல்ட் சரிந்துவிடும், ட்ரான்சிஸ்டர் கொதிக்கும். விவரத் தாளில் 8 ஓமுக்கு 80, 4 ஓமுக்கு 150 என்று எழுதத் துணிந்த அம்புக்குள் ட்ரான்ஸ்ஃபோமர் நன்றாக இருக்கிறது என்று பொருள். 4 ஓம் பற்றி மூச்சே விடாத அம்புக்கு 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவ வேண்டாம்.

எல்லாச் சனலுக்கும் அம்பை ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கும் ஏவி ரிசீவர்களின் அட்டைப் பெட்டிகளில் இப்போது இன்னொரு வேலை நடக்கிறது. "7 சனல், ஒவ்வொன்றும் 150 வாட்" என்று முன்னால் இருக்கும். பின்னால் திருப்பினால் 6 ஓம், 1 கிலோஹேர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சனல் மட்டும் இயங்கும்போது. 10 சதவீதச் சிதைவு என்பது நன்றாக முட்டித் தலை தட்டையான அலை. அதே ரிசீவரின் தாளில் இன்னும் கீழே தேடினால் 8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, இரண்டு சனல், 80 வாட் என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் எண். ஏழு சனலும் ஒன்றாக முழங்கினால் அதுவும் குறையும். ஒரே குளத்துக்கு ஏழு மதகு. ஆனால் படத்தில் ஏழும் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போவது அரிது என்பதால் இதற்காக நான் தூக்கம் கெட மாட்டேன்.

சூடு பற்றித்தான் நம்மூரில் கூடக் கவனம் வேண்டும். ஏபி வகை அம்பில் மதகு எப்போதும் பாதி திறந்து பாதி மூடி நிற்கும். இடையில் வீணாகும் சக்தி எல்லாம் வெப்பம். ஸ்பீக்கருக்கு 50 வாட் அனுப்பும்போது இன்னொரு 40 வாட் தகட்டைச் சுடவைக்கும். படம் போடாமல் ஆன் செய்து வைத்தாலே பல ரிசீவர்கள் 40, 50 வாட் குடிக்கும். டி வகை வேறு மாதிரி. மதகை முழுதாகத் திறப்பது, முழுதாக மூடுவது, இரண்டே நிலை. ஆனால் செக்கனுக்குச் சில இலட்சம் தடவை. எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து ஒலி அலையை ஒரு சுருளும் கப்பாசிட்டரும் வடித்தெடுக்கின்றன. பாதி திறந்த நிலை இல்லாததால் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்பீக்கருக்குப் போய்விடும். டி என்றால் டிஜிட்டல் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். ஆரம்பகால டி அம்புகளின் கரகரப்பு இன்றைய நல்லவற்றில் இல்லை. கச்சான் காலத்தில் மத்தியானம் வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காத ஊரில், ரிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் ஏபி ரிசீவரைச் செருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

வாடைக் காலத்தில் வருகிறது வேறு பிரச்சினை. உப்பு ஈரம் பட்டு வயர் நுனியின் செம்பு பச்சை பூக்கும், தொடுகை விட்டுவிட்டு வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஹோலுக்குத் தாராளம். விலை உயர்ந்த வயருக்குக் கொடுக்கும் காசை நுனிக்குப் போடும் தங்கப் பூச்சு பிளக்குக்குக் கொடுக்கலாம்.

தனி பவர் அம்ப் யாருக்கு வேண்டும்? 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு, 85க்குக் குறைந்த சென்சிட்டிவிட்டிக்கு, கதிரை 5 மீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஹோலுக்கு. அதிலும் முன்னால் உள்ள மூன்று சனலுக்கு மட்டும் போதும். முதலில் ரிசீவரின் பின்புறம், வெளி அம்புக்குச் சிக்னலைக் கொடுக்கும் பிரீ-அவுட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பவர் அம்பைக் கொழுவ இடமே இல்லை. மற்றவர்களுக்குச் சொந்த அம்ப் கொண்ட ஒரு சப்வூஃபர், தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர், அதிகம் உதவும். ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது ஒலியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹேர்ட்ஸில் வைத்தால், சக்தியை அதிகம் தின்னும் தாழ்ந்த ஒலி முழுக்கச் சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவரின் குளம் வற்றாது.

நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். 88 டெசிபெல் ஸ்பீக்கர், 80 வாட் ரிசீவர், பிரீ-அவுட் உள்ளது, ஒரு சப்வூஃபர். மாமா போன கிழமை வந்திருந்தார். வசனம் எல்லாம் விளங்குகிறது என்றார். ரிசீவரின் தலையில் கையை வைத்துச் சூடு பார்த்தார். அப்புறம் படத்தில் ஒரு குண்டு வெடித்தது. குசினி ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்கள் கடகடவென்று ஆடின. ஹோலின் நீளம் 5 மீட்டர். 35 ஹேர்ட்ஸ் அலையின் பாதி நீளமும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் அந்த ஒலி மட்டும் சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் அதற்குள் எழும்பிப் போய்ப் பழைய பேப்பரை நாலாக மடித்துக் கண்ணாடிக்கு இடையில் செருகிக்கொண்டிருந்தார்.