ஆர்க்யுமென்ட் இல்லாமல் ஓடும் சர்வருக்கு லாக் யார் வைப்பது?

காற்று சீசன் வந்தாலே எனக்கு இந்த அழைப்பும் வந்துவிடும். இந்த முறை காற்றாலைகள் உள்ள பணகுடிப் பக்கமிருந்து. "அண்ணாச்சி, சர்வர் ராத்திரியே நின்னுட்டு. லாக்குல (நடந்ததை எழுதி வைக்கிற பதிவுல) ஒண்ணுமே இல்ல."

எபிக்ஸ் (கருவிகளைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அமைப்பு) சர்வரை பைத்தானில், கேப்ரோட்டோ என்ற நூலகத்தை வைத்து எழுதுகிறீர்கள். மேசையில் சோதிக்கும்போது கட்டளையோடு -வி (-v, விரிவான லாக் கேட்கும் ஆர்க்யுமென்ட்) சேர்த்து ஓட்டுகிறீர்கள். கேப்ரோட்டோவின் ஐஓசி ஆர்க் பார்சர் அதைப் படித்து லாகிங்கை அமைத்துத் தருகிறது. தளத்தில் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தானாக ஓட்டுவது) வழியாக வேறொரு ஸ்கிரிப்ட், சர்வரைத் தொடங்கும் ரன் செயலியை நேரடியாக அழைக்கிறது. நடுவில் பார்சரே கிடையாது. அப்புறம் லாக் எங்கிருந்து வரும்?

"செட்லெவல் இன்ஃபோ போட்டேனே" என்பார்கள். போதாது. லெவல் (டீபக், இன்ஃபோ, வார்னிங் என்று ஏறும் முக்கியத்துவம்) என்பது எதை அனுமதிப்பது என்று மட்டும்தான் சொல்லும், எழுதுவது ஹேண்ட்லர். ஹேண்ட்லரே இல்லையென்றால் பைத்தான் தன் கடைசி மாற்று ஹேண்ட்லரைப் பயன்படுத்தும். அது வார்னிங்கும் அதற்கு மேலும்தான் ஸ்டெடரரில் (stderr, பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) எழுதும், அதுவும் நேரம் இல்லாமல், வெறும் செய்தியாக. நீங்கள் இன்ஃபோவுக்கோ டீபக்குக்கோ இறக்கினாலும் அது அசையாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: லெவல், ஹேண்ட்லர் இரண்டும் வேண்டும்.

கோபத்தில் பிரிண்ட் போட ஆரம்பிக்காதீர்கள். வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது பிரிண்ட் பஃபரில் (நினைவகத்தின் தற்காலிக இடத்தில்) தேங்கும். ப்ராசஸைக் கொன்றால் அதோடு போய்விடும். லாகிங்கின் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர் ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஃப்ளஷ் செய்கிறது, அதாவது தேங்கவிடாமல் உடனே வெளியே தள்ளுகிறது.

மெயின் பகுதியில், ரன்னை அழைக்கும் முன், ஒரே இடத்தில் லாகிங்.பேசிக்கான்ஃபிக் வையுங்கள்; லெவல், நேரத்தோடு ஃபார்மட். ஏற்கெனவே ரூட்டில் (எல்லா லாகருக்கும் மேலான லாகரில்) ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் சத்தமில்லாமல் சும்மா இருந்துவிடும், அதை மீற பைத்தான் 3.8 முதல் ஃபோர்ஸ்=ட்ரூ உண்டு. கேப்ரோட்டோவின் சொந்த அமைப்புச் செயலியை மட்டும் அழைத்தால் அதன் லாகர்தான் பேசும், உங்கள் மாட்யூலின் லாகர் இன்ஃபோவுக்கு ஊமையாகவே இருக்கும். டீபக்கை உற்பத்தித் தளத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், ஒவ்வொரு சேனல் செய்தியும் கொட்டும். சின்ன போர்டில் எஸ்டி கார்டு நிறைந்தால் சர்வரே நின்றுவிடலாம். கோப்பில் எழுதினால், ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரில் (கோப்பு நிறைந்ததும் புதியதற்கு மாறுவது) மேக்ஸ்பைட்ஸ் (கோப்பின் உச்ச அளவு), பேக்கப்கவுண்ட் (வைத்திருக்கும் பழைய கோப்புகளின் எண்ணிக்கை) இரண்டையும் கொடுக்க வேண்டும். இரண்டின் இயல்பு மதிப்பும் 0. ஒன்று 0 ஆக இருந்தாலும் கோப்பு சுழலாது.

பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கும் எக்செப்ட் பாஸ் எழுதியிருந்தால் இத்தனையும் வீண். அங்கே பிழையை விவரத்தோடு லாக்கில் எழுதும் லாகர்.எக்செப்ஷன் போடுங்கள். தளத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சென்சார் வயரைக் கழற்றி, ஜர்னலில் (சிஸ்டம்டி சேர்த்து வைக்கும் லாக்கில்) வரி வருகிறதா என்று பாருங்கள்.