முன்பாரம், பின்பாரம், கால் மைல்

திருச்சியில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "லோட்டஸ் எலீஸ் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் எடை மிகக் குறைந்தவை. எடை குறைந்தால் முடுக்கம் கூடும். அப்படியென்றால் டிராக் (drag) பந்தயத்தில் அவைதானே முந்த வேண்டும்?"

நியூட்டனின் இரண்டாம் விதியை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் அந்த விதியில் எடைக்கு எதிரே நிற்கும் விசை எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. விடை அங்கேதான் இருக்கிறது.

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடுவது. வளைவே கிடையாது. 1950-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ஒரு சிறு விமான ஓடுதளத்தில் இந்தப் பந்தயங்கள் முறையாக நடக்கத் தொடங்கின. இங்கிலாந்தின் சாண்டா பாட் பந்தயத் தடமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம்தான். 1966-இல் அது பந்தயத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் லோட்டஸ் நிறுவனம் ஹெத்தல் என்ற ஊரில் இருந்த இன்னொரு போர்க்கால விமானத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. இரண்டும் குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய கான்கிரீட் தளங்கள். ஒன்றில் நேராக மட்டும் பாயும் கார்கள் ஓடின. மற்றொன்றில் வளைவுகளுக்காகவே பிறந்த கார்கள் உருவாயின.

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் எடைக் குறைப்பைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். அவர் மறைந்த பிறகு 1996-இல் விற்பனைக்கு வந்த முதல் எலீஸ் அந்தக் கொள்கைக்கு உண்மையாக இருந்தது. அலுமினியச் சட்டங்களைப் பற்றவைக்காமல் பசையால் ஒட்டிய அடிச்சட்டம், சுமார் 725 கிலோ எடை, 118 குதிரைத்திறன் எஞ்சின். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் அமர்ந்திருக்கும்.

முதலில் எளிய கணக்கு. எஞ்சினின் முழுத் திறனும் இழப்பே இல்லாமல் வேகமாக மாறுகிறது என்று கொண்டால், கால் மைலுக்கான நேரம் எடையைத் திறனால் வகுத்து வருவதன் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓட்டுநரோடு 800 கிலோ என்றால் எலீஸுக்கு 11.8 வினாடி வருகிறது. உண்மையில் 14 வினாடிக்கு மேல் ஆகும். கனமூலம் என்பதைக் கவனியுங்கள். எடையைப் பாதியாகக் குறைத்தாலும் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். பத்தில் ஒரு பங்கு எடையைக் கழித்தால் மிச்சமாவது 0.4 வினாடி. பந்தயத்தில் அது பெரிய இலாபம்தான், ஆனால் மாணவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

இனி நான் சொல்ல ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன். காரைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, தரை. டயர் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை காரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் உச்ச அளவு, டயரின் மீது அழுந்தும் எடையை உராய்வுக் குணகத்தால், அதாவது டயர் தரையை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று காட்டும் எண்ணால், பெருக்கினால் வருவது. முதல் கியரில், புறப்படும் கணத்தில், எலீஸின் சிறிய எஞ்சின்கூட இந்த எல்லையைத் தொட்டுவிடும். அப்போது எடையைக் குறைத்தால் என்ன ஆகும்? தள்ள வேண்டிய நிறை குறைகிறது. பிடிமானமும் அதே அளவில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே புறப்பாட்டில் மொத்த எடை எவ்வளவு என்பது கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. அந்த எடையில் எத்தனை பங்கு ஓட்டும் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்பதே மிஞ்சுகிறது.

மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவர்களுக்கு இது பாடம் படித்து வந்த செய்தி அல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் சுமை ஏறும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். காரில் இன்னும் ஓர் அழகு இருக்கிறது. கார் பாயும்போது பாரம் தானாகவே பின்னால் போகிறது. தரையின் தள்ளல் டயரின் அடியில் நிகழ்கிறது. காரின் ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே, எலீஸில் 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே தள்ளும்போது மேலே உள்ள நிறை பின்தங்கப் பார்க்கிறது. கார் பின்புறமாகக் கவிழ முனைகிறது. அதைத் தடுக்க முன் சக்கரங்கள் இலேசாகின்றன, பின் சக்கரங்களில் அழுத்தம் ஏறுகிறது.

எண்களில் பார்க்கலாம். எலீஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.3 மீட்டர். நிற்கும்போது 800 கிலோவில் 60 சதவீதம், அதாவது 480 கிலோ, பின் சக்கரங்களில் இருக்கிறது என்போம். உராய்வுக் குணகம் 1. எனவே 480 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் கிடைக்கும். அந்தத் தள்ளல் 94 கிலோவைப் பின்னால் நகர்த்துகிறது. பின்பாரம் 574 ஆகிறது. பாரம் ஏறியதால் பிடிமானம் ஏறுகிறது. பிடிமானம் ஏறியதால் தள்ளல் ஏறுகிறது. தள்ளல் ஏறியதால் மீண்டும் பாரம் பின்னால் வருகிறது. 480, 574, 592, 596, 597. அங்கே நின்றுவிடுகிறது. பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான் இது. நான் படித்தபோது அதை வட்டிக் கணக்கோடு மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காரின் பின் டயருக்கடியில் அது உயிரோடு நடக்கிறது என்று அன்றே காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பின்பாரம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது. காரின் பின்பக்கம் அமுங்குவது கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டுமே. பாரம் எவ்வளவு நகரும் என்பதை முடிவு செய்வது ஈர்ப்பு மையத்தின் உயரமும் அச்சுகளின் இடைத்தூரமும் முடுக்கமும்தான். அது எவ்வளவு விரைவாக நகரும் என்பதில்தான் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் பங்கு.

எனவே பின்பாரம் வேண்டுமானால் காரை உயர்த்த வேண்டும். 1960-களில் அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்; 'கேஸர்' வகைக் கார்கள் மூக்கை வானுக்குத் தூக்கியபடி நிற்கும் பழைய புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைப்பவர் இதற்கு நேரெதிராகச் செய்கிறார். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஈர்ப்பு மையத்தைத் தரையோடு தரையாக இறக்குகிறார். எஞ்சினை நடுவில் வைத்ததால் எலீஸுக்குக் கிடைத்த பின்பாரம் டிராக் பந்தயத்துக்கு வரம். தாழ்ந்து கிடக்கும் உடல் அதற்குத் தடை.

ஒட்டும் ஸ்லிக் டயர் (வரிப்பள்ளங்கள் இல்லாத பந்தய டயர்) போட்டு உராய்வுக் குணகத்தை 2 ஆக்கினால் கதை மாறும். இதே காரின் முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும் விளிம்புக்கு வந்துவிடும். அது நுகத்தடி தூக்கும் நிலை. டிராக் பந்தயத்தின் உச்ச வகையான, பதினோராயிரம் குதிரைத்திறன் கொண்ட 'டாப் ஃபியூவல்' வண்டிகளின் அச்சுகள் 7.6 மீட்டர் இடைவெளியில் இருப்பதற்கும், அவற்றின் பின்னால் சிறு சக்கரம் பொருத்திய கம்பி நீட்டிக்கொண்டிருப்பதற்கும் இந்தக் கவிழ்ப்புதான் காரணம்.

உராய்வுக் குணகம் 1, 2 என்று எளிதாக எழுதிவிட்டேன். ரப்பருக்கு அது மாறிலியே அல்ல. பாரம் கூடக் கூட ரப்பரின் குணகம் சற்றுக் குறைகிறது. எனவே ஒரே டயரில் இலேசான கார் ஒவ்வொரு கிலோவுக்கும் கொஞ்சம் கூடுதல் பிடிமானம் பெறும்; எடைக் குறைப்பு புறப்பாட்டில் தரும் உண்மையான ஆதாயம் இதுதான். ரப்பர் சாலையின் சிறு மேடுபள்ளங்களில் எப்படி அழுந்தி, ஒட்டி, விடுபடுகிறது என்பது இன்னும் முழுதாக விளங்காத இயற்பியல். சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருக்கின்றன. நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகளுக்கு உராய்வு ஆய்வுக்கென்றே தனி நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழையில் பிரேக் பிடிக்கும் அரசுப் பேருந்தும் அதே ரப்பரை நம்பித்தான் ஓடுகிறது.

தடத்தின் பிற்பாதியில் காற்று குறுக்கே வருகிறது. காற்றுத் தடை காரின் எடையைப் பார்ப்பதில்லை. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் எலீஸின் தள்ளலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காற்று தின்றுவிடும். எடையும் திறனும் இரு மடங்கான, அதே அளவு கார் ஒன்று அதில் பாதிப் பங்கைத்தான் இழக்கும். 2,100 கிலோவைத் தாண்டும் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் கால் மைலைப் பத்து வினாடிக்குள் முடிப்பதில் இதற்கும் பங்குண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனோடு, நான்கு சக்கரங்களும் தள்ளுவதால் அதன் ஒவ்வொரு கிலோவும் பிடிமானமாகிறது.

மாணவருக்கு ஒரு கணக்கு. அதே எலீஸில் முன் அச்சுக்கு மேலிருந்து 30 கிலோவைக் கழற்றினால், புறப்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.75 பங்கிலிருந்து 0.78-க்கு ஏறும். அந்த 30 கிலோவைப் பின் அச்சுக்கு மேலிருந்து கழற்றினால் கார் அதே அளவு இலேசாகும், முடுக்கமோ 0.73-க்கு இறங்கும்.