ஊர் திரும்பித் தொழில் தொடங்க மானியம்: வெளியூரில் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டிய வேலை

தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பப் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் தர்மபுரியில் எங்கள் ஆடிட்டிங் அலுவலகத்தில் உட்கார இடம் இருக்காது. பென்னாகரம், ஏரியூர், அரூர், பாலக்கோடு பக்கத்து ஆட்கள்தான் அதிகம். பெங்களூரில் சென்ட்ரிங் மேஸ்திரி, பேக்கரி மாஸ்டர், திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர், சவூதியிலிருந்து லீவில் வந்த ஏசி மெக்கானிக் என்று பலவகை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வெளியூர்ப் பொழப்பு போதும் சார், இங்கேயே ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கவர்மென்ட் எவ்வளவு குடுக்கும்?"

திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஆனால் பலருக்கும் அறிக்கை வரைக்கும் வேலை போவதே இல்லை. ஊரில் இல்லாத பத்துப் பதினைந்து வருடங்களில் சேர வேண்டிய காகிதங்கள் சேராமல் போயிருக்கும். திட்டங்களைப் பற்றி யூடியூபில் நிறையப் பேர் சொல்கிறார்கள். இந்தக் காகித விஷயத்தைச் சொல்கிறவர் குறைவு.

திருப்பித் தர வேண்டாத பணமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீடு திட்டத்தில் தேர்வாகும் புதிய நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி; பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். பதிலுக்கு நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு அரசுக்குப் போகும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி' (NIDHI) என்ற பெயருள்ள திட்டத்தில், புதுப் பொருள் ஒன்றை உருவாக்க வேலையை விட்டுவிட்டு இறங்குகிறவருக்கு மாதம் 30,000 ரூபாய் வரை உதவித்தொகை கிடைக்கும். இரண்டுமே சந்தையில் இதுவரை இல்லாத ஒன்றைச் செய்கிறவர்களுக்கு. ஓசூர் சிப்காட்டில் பல வருடம் சிஎன்சி ஓட்டி, தானாக ஒரு கருவியை வடிவமைத்தவர் தாராளமாக முயலலாம். காரிமங்கலத்தில் பேக்கரி போடப்போகிறவர் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது கடனோடு சேர்ந்த மானியம். கையில் யாரும் பணமாகத் தரமாட்டார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை, அதாவது பிஎம்இஜிபியை, எடுத்துக்கொள்வோம். 2008-ல் தொடங்கியது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாம் சிறப்புப் பிரிவு என்பதால் நம் மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லோருமே அதற்குள் வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் திட்ட மதிப்பில் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம். 10 லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் உங்கள் கைப்பணம் 50,000, வங்கி தருவது ஒன்பதரை லட்சம். கிராமமாக இருந்தால் மானியம் மூன்றரை லட்சம். அந்த மூன்றரை லட்சம் வங்கியிலேயே உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது. அதற்குச் சமமான கடன் தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். அதுவரை மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டியாக வேண்டும். "மானியம் வந்ததும் மகள் கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் உண்டு. அது நடக்காது.

கிராமம், நகரம் என்ற வித்தியாசத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் ஷெட் பிடிப்பதற்கும், கொஞ்சம் தள்ளி ஊராட்சிப் பகுதியில் பிடிப்பதற்கும் 10 லட்சத் திட்டத்தில் ஒரு லட்சம் வித்தியாசம். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு இதைப் பாருங்கள். இன்னொன்று, நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. இடம் வாங்கவும் சேர்த்துக் கடன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை.

வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரை திட்ட மதிப்பு, 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். பெரிய அளவில் செய்ய நினைக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் (NEEDS) என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை. பட்டியலினத்தார், பழங்குடியினர் என்றால் வேறெதையும் பார்ப்பதற்கு முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள். 35 சதவீத மானியத்தோடு வட்டியிலும் 6 சதவீதம் சலுகை தரும் திட்டம் அது. சித்தேரி மலையிலிருந்து வருகிறவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதெல்லாம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். மத்தியத் திட்டங்கள் பல 2025-26 வரை என்று அனுமதிக்கப்பட்டவை. நீங்கள் போகும் நாளில் எது நடப்பில் இருக்கிறது, என்ன மாறியிருக்கிறது என்று அங்கே கேட்டுவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.

சரி, காகிதங்களுக்கு வருவோம்.

யுஒய்இஜிபிக்கு விண்ணப்பிக்கிறவர் குறைந்தது மூன்று வருடம் தமிழ்நாட்டில் வசித்திருக்க வேண்டும். பெங்களூரில் கேஸ் இணைப்புக்காகவோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவோ ஆதார் முகவரியைக் கர்நாடகத்துக்கு மாற்றி, இங்கே ரேஷன் கார்டிலிருந்து பெயரையும் எடுத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் அந்த வசிப்பிடத்தை எதை வைத்துக் காட்டுவார்? பிஎம்இஜிபியில் இந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. ஆனாலும் கடன் கொடுக்கும் கிளை உங்கள் பகுதியைச் சேர்ந்தது. நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு மேனேஜருக்கு ஏதாவது காட்ட வேண்டும். குடும்பம் ஊரிலேயே இருந்தால் உங்கள் பெயரை ரேஷன் கார்டில் விட்டுவைப்பது நல்லது.

சில வீடுகளில் மனைவி பெயரில் விண்ணப்பிப்பதே சரியான வழி. அவர் ஊரிலேயே இருந்திருப்பார், மகளிர் குழுவில் வரவு செலவு பார்த்திருப்பார், எந்தச் சாதியாக இருந்தாலும் சிறப்புப் பிரிவில் வருவார். ஆனால் பிஎம்இஜிபியில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். அப்புறம், மேனேஜர் கேள்வி கேட்கும்போது அந்த அம்மா பதில் சொல்ல வேண்டும். பின்னால் நின்று கணவர் எடுத்துக்கொடுத்தால் அன்றைக்கே விண்ணப்பத்தின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகமாகத் தடுக்கி விழும் இடம் சிபில், அதாவது வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு. வாராவாரம் கட்டும் குழுக் கடனெல்லாம் இதில் வராது என்று இன்னமும் நம்புகிறார்கள். வரும். குழுவில் மற்றவர் கட்டாமல் போனதற்காக நீங்களும் இரண்டு தவணை நிறுத்தியிருந்தால் அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். போனில் ஆப் மூலம் எடுத்த ஐயாயிரம் ரூபாய்க் கடன், நண்பனின் பைக்குக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, எல்லாமே அதில் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு இருக்கின்றன. ஊர் திரும்புவதற்கு ஒரு வருடம் முன்பே எடுத்துப் பாருங்கள். நிலுவையை அடைத்தாலும் மதிப்பெண் ஏறச் சில மாதங்கள் பிடிக்கும். "செட்டில்மென்ட்" என்று பாதித் தொகை கட்டி முடிக்காதீர்கள். அந்தக் குறிப்பே அறிக்கையில் நின்றுவிடும். முழுவதும் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள்.

கூலியைக் கையில் ரொக்கமாக வாங்கும் மேஸ்திரிகளுக்கு இன்னொரு சிக்கல். மாதம் நாற்பதாயிரம் சம்பாதித்திருப்பார், பாஸ்புக்கில் நாலாயிரம்கூட ஓடியிருக்காது. முடிந்தவரை பணத்தை உங்கள் வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள். வரி வராவிட்டாலும் இரண்டு வருடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அதில் வருமானத்தைக் கூட்டிக் காட்டினால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று சில இடைத்தரகர்கள் சொல்வார்கள். யுஒய்இஜிபிக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு இடத்தில் ஏழு லட்சம் காட்டிவிட்டு, தாசில்தாரிடம் போய் மூன்று லட்சம் என்று வருமானச் சான்று கேட்டால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு: கைப்பணம் உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வந்தால் அதற்குத் தடமே சாட்சி. வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் உண்டியலில் அனுப்பிய பணத்துக்குச் சட்டமும் இல்லை, தடமும் இல்லை. நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். பல பேர் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார்கள். அதில் வரும் வட்டிக்கு வரிவிலக்கு தொடரும் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்.

காகிதம் சரியான பிறகுதான் தொழிலைப் பற்றிய கேள்வி. திருப்பூரில் பல வருடம் இருந்தவர், அரூர் பக்கம் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யப் போகிறேன் என்பார். நல்ல யோசனைதான், தையல் தெரிந்த பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். பவர் டேபிள், ஓவர்லாக் எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் கையோடு கொண்டுவந்திருப்பார். ஆர்டர் யார் கொடுப்பார், பீஸுக்கு என்ன ரேட், திருப்பூரிலிருந்து துணி வந்துபோக லாரிச் செலவு யாருடையது, பில் போட்டு எத்தனை நாளில் பணம் வரும்? இதற்கெல்லாம் பதில் இருக்காது. மேனேஜர் முதலில் கேட்பது இதைத்தான். வேலை பார்த்த கம்பெனியிலிருந்து விலகும்போது "இவருக்கு மாதம் இவ்வளவு பீஸ் தருவோம்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வந்தால், நான் எழுதும் முப்பது பக்க அறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். அங்கே இருக்கும்போது ஒரு டீ நேரத்தில் வாங்கிவிடலாம். ஊருக்கு வந்த பிறகு போனை எடுக்கமாட்டார்கள்.

கை வேலை நன்றாகத் தெரிந்து கணக்கு மட்டும் பிடிபடாதவர்கள், இந்தியன் வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் சேரலாம். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

இடைத்தரகர்களைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. மானியத்தில் பத்து சதவீதம் என்று முன்பணம் கேட்கிறவரிடம் ஆதாரையும் கையெழுத்துப் போட்ட செக்கையும் கொடுக்காதீர்கள். உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். பார்க்க அதே மாதிரி இருக்கும் தனியார் தளங்கள் ஆயிரக்கணக்கில் கறந்துவிடும். "முத்ரா கடன் அனுமதிக்கப்பட்டது, செயல்முறைக் கட்டணம் செலுத்தவும்" என்று அசோகச் சின்னம் போட்டு வாட்ஸ்அப்பில் வரும் கடிதம் போலி. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வங்கி மறுத்தால் வாய்மொழியோடு திரும்பிவிடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் (2026 ஏப்ரல் 1 முதல் 20 லட்சம்) வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஈடு இல்லை என்று மறுத்திருந்தால் அந்தக் கடிதத்தோடு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். கடன் கிடைத்தவர்கள் மெஷின் பில், சீரியல் நம்பர் தெரியும்படி எடுத்த போட்டோ, கரன்ட் பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது அவற்றைத்தான். இடையில் ஷெட்டை மாற்றினால் வங்கிக்கும் தொழில் மையத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பழைய முகவரியில் வந்து பார்த்துவிட்டு "தொழில் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டால், அதைத் திருத்துவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.